புதன்கிழமை தோறும் ஆபீசுக்கு வந்த ஏரி

சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் உரக்கவே செய்கிறேன், பக்கத்துத் தெருவுக்கும் கேட்கட்டும்: இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், மாதா மாதம் வருகிற என் பென்ஷன் நின்று போகட்டும், கண்புரை எடுத்த இந்த வலது கண் மறுபடி மங்கிப் போகட்டும், ஆனைமுழுங்கி ஏரித் தண்ணீர் என் தொண்டைக்குள் இறங்காமல் உதட்டோடு திரும்பிப் போகட்டும். என் கைக்கடிகாரத்தை விழுங்கிய கெண்டை மீன் தினமும் கரைக்கு வந்து எனக்கு மணி சொன்னது என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது பொய். மதகில் சிக்கிய மழை மேகத்தைக் கயிறு கட்டி இழுத்தேன் என்றதும் பொய்தான், வெறுங்கையால்தான் இழுத்தேன். ஆனால் இது அப்படியில்லை, இது நடந்தது, நடந்தபோது ஊரே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

ஆனைமுழுங்கி என்பது ஏரிக்கும் பெயர், ஊருக்கும் பெயர். இந்தக் கரையில் நின்று ஒருவன் கூப்பிட்டால், அந்தச் சத்தம் அக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்டவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவான், அவ்வளவு பெரிய ஏரி. அதில்தான் எங்கள் வயல் விளைந்தது, எங்கள் மாடு குடித்தது, நாங்கள் குடித்தோம். அதே தண்ணீர் ஓர் ஆள் குனியாமல் நடக்கக்கூடிய பெரிய குழாயில் புறப்பட்டுப் போய்ப் பட்டணத்து வீடுகளில் பல் விளக்கியது, பாத்திரம் கழுவியது, பிள்ளைகளைக் குளிப்பாட்டியது. நான் அந்த ஏரியில் மதகு திறந்து மூடுகிற லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்கும் அதற்கும் பேச்சு வார்த்தை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தலை கறுப்பாக இருந்த காலத்தில் கரையில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு கட்டடம் வந்தது. பலகையில் ‘ஏரி உயிரியல் கண்காணிப்பு நிலையம்’ என்று எழுதியிருந்தது. அதை வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதால் ஊர் அதைப் பூச்சி ஆபீஸ் என்றது. அங்கே வேலைக்கு வந்தவர் மெஹருன்னிசா என்கிற டாக்டரம்மா. டாக்டர் என்றதும் நாங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனோம். “நான் அந்த டாக்டர் இல்லைங்க. மாட்டைவிடச் சின்னதா, கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதா ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க, பாக்கறேன்” என்று சிரித்தார். அப்படி எங்களிடம் ஒன்றும் இல்லை, ஏரியிடம் இருந்தது.

வாரம் தவறாமல் புதன்கிழமை காலையில், ஆபீஸ் வாசல் பூவரச மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஓடக்காரன் தாண்டவராயன் இரும்புக் கம்பியால் அடிப்பான், கணகணவென்று அந்தச் சத்தம் ஏரி மேல் உருண்டோடும், அதைக் கேட்டதும் வலை போட்டவர்கள் வலையைத் தூக்கிக்கொள்வார்கள், துவைக்கிறவர்கள் பாதி துவைத்த துணியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள், எருமைக்காரன் எருமைகளைத் திட்டித் திட்டிக் கரையேற்றுவான், எஞ்சின் வைத்த படகுகள் எஞ்சினை நிறுத்தும். கலங்காத தண்ணீர் வேண்டும் என்று டாக்டரம்மா வந்த புதிதில் கேட்டுக்கொண்டதற்காக ஊர் ஏற்றுக்கொண்ட வழக்கம் அது. நாளாக நாளாக ஏரிக்கும் அது பழகிப்போய், கணகண கேட்டதும் அலையை அடக்கிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டிய ஆள் மாதிரி அசையாமல் கிடக்கும். தாண்டவராயன் ஓடம் தள்ள, டாக்டரம்மா நடு ஏரிக்குப் போய், கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அது எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பார், பட்டுத் துணியால் ஆன வலையை இழுப்பார், பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார்.

“இதுக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம்? கரையிலயே மொண்டுக்கலாமே” என்று நான் ஒரு முறை கேட்டேன்.

“கரைத் தண்ணி கரையோட கதையத்தான் சொல்லும் லஸ்கரய்யா. ஏரியோட கதை நடுவுலதான் இருக்கு.”

அந்தக் கதையை எங்களுக்கும் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். கண்ணாடியில் செய்தது போல உடம்பும், நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கண்ணுமாக ஒரு பூச்சி துள்ளிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் அது தின்ற பச்சை தெரிந்தது. ஒத்தக்கண்ணி என்று ஊர் பெயர் வைத்தது. ஒத்தக்கண்ணி தின்றுகொண்டே இருந்தால் பாசி கட்டுக்குள் இருக்கும், ஒத்தக்கண்ணி குறைந்தால் நீலப்பச்சைப் பாசி என்று ஒன்று மளமளவென்று ஏறிவிடும், அது ஏறிய தண்ணீர் விஷம், இவ்வளவுதான் பாடம். ஒரு கோடையில் ஏரி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் டாக்டரம்மா வீடு வீடாக வந்து மாட்டைத் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சில நாளில் ஏரி பச்சை பெயிண்ட் கொட்டியது போல ஆகி நாறியது. எங்கள் ஊரில் ஒரு கன்றுக்குட்டிகூடச் சாகவில்லை. அன்றிலிருந்து புதன்கிழமை என்றால் எங்களுக்கு மரியாதை.

இப்போது ஒத்தக்கண்ணிகள் மறுபடி குறைந்துகொண்டு வந்தன. சடாரென்று இல்லை, வருஷத்துக்குக் கொஞ்சமாக, தலைமுடி நரைப்பது போல. “தினமும் கண்ணாடி பாக்கறவங்களுக்கு நரை தெரியாது, பழைய போட்டோ வச்சிருக்கறவங்களுக்குத்தான் தெரியும். நம்மகிட்ட இந்த ஏரியோட எல்லா வயசு போட்டோவும் இருக்கு. அடுத்த தடவை பச்சை வந்தா முன்ன மாதிரி போகாது, குழாய்க்குள்ளயும் போகும். எப்ப வரும்னு நிறுத்தாமப் பாத்தாத்தான் சொல்ல முடியும்” என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் உத்தரவு வந்தது. பட்டணத்தில் ஒரு பெரிய ஆபீஸ், பெயர் சொல்ல மாட்டேன், அதன் மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. மேற்படி ஏரி இத்தனை காலம் பார்க்கப்பட்டுவிட்டது, ஏரி இருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிவிட்டது, இருப்பதை மேலும் மேலும் பார்ப்பதற்கு நிதி ஒதுக்க இயலாது, நிலையத்தை மூடிச் சாமான்களை ஒப்படைக்கவும். அவ்வளவுதான்.

பூட்டும் அரக்கும் எடுத்துக்கொண்டு உதவி இயக்குநர் சுகவனம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, வயிற்றுப்புண் உள்ள மனிதர். மைக்ராஸ்கோப், ஓடம், தட்டு, வலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர் பூவரச மரத்தடியில் நின்றார்.

“இது என்னய்யா?”

“தண்டவாளம் சார்” என்றான் தாண்டவராயன்.

“தண்டவாளம் இங்க எதுக்கு? ரயிலா விடறீங்க? நல்ல இரும்புதானா, இல்ல வெறும் தகரமா?” என்று கேட்டுக்கொண்டே, பழைய இரும்புக்கு என்ன போகும் என்று பார்க்கிற எண்ணத்தில், பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்துக் கணீர் என்று ஓங்கி அடித்துவிட்டார்.

“சார் சார், இன்னிக்குப் புதன்கிழமை சார்!”

அதற்குள் ஏரி கேட்டுவிட்டது. கையை நீட்டியும் ஓடம் வரவில்லையே, சரி, நாமே போய்விடுவோம் என்று நினைத்திருக்க வேண்டும். படுத்திருந்த பசு பின்பக்கத்தை முதலில் தூக்கிக்கொண்டு எழுவது போல, அக்கரை முதலில் உயர்ந்தது, பிறகு இக்கரை உயர்ந்தது, பிறகு ஏரி மொத்தமும் தன் மீன்களோடும் நண்டுகளோடும் நாரைகளோடும் மிதந்துகொண்டிருந்த ஆகாயத்தாமரையோடும் கரைமேல் கால் வைத்து, ரோட்டைக் கடந்து, ஆபீஸ் வாசலைப் பார்த்து நடந்து வந்தது. வழியில் தாண்டவராயனின் அக்கா அஞ்சலாட்சி டீக்கடை வைத்திருக்கிறாள், பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. “ஏய், ஏய், அடுப்பு! அடுப்ப அணைச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன், ஆமா!” என்று அவள் கரண்டியை நீட்டவும், ஏரி இரண்டாகப் பிரிந்து அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. வாசலுக்கு வந்ததும் ஒரு தரம் மெல்லச் சுழன்று, கரைத் தண்ணீரை வெளியே தள்ளி, நடுத் தண்ணீரைப் படிக்கட்டுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அலையை அடக்கிக்கொண்டு நின்றது.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “தாண்டவா, பாட்டில எடு” என்றார்.

சுகவனம் சார் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். சட்டைப் பையில் ஒரு ஜிலேபிக் கெண்டை துடித்தது. “இதுக்கு என்ன ரூல்னு தெரியலையே” என்று அவர் முனகினார்.

“நீங்கதான சார் கூப்பிட்டீங்க? கூப்பிட்ட மரியாதைக்கு வந்திருக்கு. உக்காரச் சொல்லுங்க” என்றாள் அஞ்சலாட்சி.

மாதிரி எடுத்து முடிந்ததும் ஏரி திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. சுகவனம் கதவைப் பூட்டிச் சீல் வைக்கப் பார்த்தார். கதவு ஈரம், அரக்கு ஒட்டவில்லை. சீல் ஒட்டாத ஆபீசை மூடியதாகக் கணக்கில் கொள்ள முடியாது என்று அவர் படித்த ரூல் சொன்னது. “ஈரம் காயட்டும், வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு தாண்டவராயன் தன் சொந்த ஓடத்தில் டாக்டரம்மாவைக் கூட்டிப் போகத் தயாராகத்தான் இருந்தான், ஆனால் ஏரி அதற்குள் ருசி கண்டுவிட்டது. அடுத்த புதன்கிழமை அவன் தண்டவாளத்தை அடித்து, ஓடத்தின் கயிற்றை அவிழ்ப்பதற்குள் அது எழுந்து வந்துவிட்டது. அதற்கடுத்த புதன்கிழமையும் வந்தது. கதவு காயவே இல்லை.

ஊர் இதற்குத் தன்னை ஒழுங்கு செய்துகொண்டது. புதன்கிழமைகளில் கோலம் வாசலில் இல்லாமல் மொட்டை மாடியில் விழுந்தது. செருப்புகள் ஆணியில் தொங்கின. கோழிகள் கூரையேறப் பழகின, வாத்துகள் அன்றைக்கு மட்டும் அதிகாரம் பண்ணின. காலை பஸ்ஸின் கண்டக்டர், ஏரி ரோட்டைக் கடக்கும் வரை வண்டியை நிறுத்தி, “அவசரப்படாதீங்க, முன்னாடி ஒருத்தர் போறாங்க” என்று சொல்லப் பழகினார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியே உள்ளே வந்த மீன்களை வைத்து உயிரியல் பாடம் நடத்தினார், பாடம் முடிந்ததும் மீன்களை எண்ணாமல் அப்படியே அனுப்பிவிட வேண்டும் என்பது கட்டளை. புதன்கிழமையில் முகூர்த்தம் வைப்பதை விட்டோம். தெரியாமல் வைத்துவிட்ட ஒரு கல்யாணத்தில் ஏரி பந்தலுக்குள் வந்து, மணமக்கள் காலை நனைத்துவிட்டு, ஒரு வரால் மீனை மொய்யாக வைத்துவிட்டுப் போனது. அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை நடப்பதற்கு முன்பே நீந்தியது, அதை விடுங்கள், அது வேறு கதை.

ஏரி வெளியே போயிருக்கும் நேரத்தில் அதன் படுக்கை வெறுமையாகக் கிடக்கும். காணாமல் போன குடங்களும், யாரோ தள்ளிவிட்ட ஒரு அம்பாசிடர் காரும், பழைய தேர்தல் ஒன்றில் தொலைந்த ஓட்டுப் பெட்டியும் சேற்றில் பளிச்சென்று தெரியும். ஆனால் யாரும் இறங்கவில்லை. வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும்போது வீட்டுக்குள் நுழைவது என்ன பழக்கம்? இதைப் புரிந்துகொள்ளாத ஒரே ஆள் மனை வியாபாரி வரதப்பன். ஏரி எழுந்து வந்த ஒரு புதன்கிழமை அவன் ஆட்களோடு உள்ளே போய்க் கல் நட்டு, கயிறு கட்டி, ‘ஏரி வியூ நகர்’ என்று பலகையும் வைத்துவிட்டான். ஏரி திரும்பி வந்து பலகையைப் படித்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வரதப்பனின் வீட்டுக்குப் போய், அவன் இல்லாத நேரத்தில், அவன் கட்டில் மேல் ஏறிச் சாயங்காலம் வரை படுத்திருந்தது. அதற்குப் பிறகு அவன் மனை வியாபாரத்தை விட்டுவிட்டு ஐஸ் வண்டி தள்ளுகிறான்.

டாக்டரம்மாவுக்குச் சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை. பாட்டில் உடைந்தபோது ஊறுகாய் ஜாடிகள் வந்தன. மைக்ராஸ்கோப்பின் விளக்கு போனபோது தாண்டவராயன் தன் டார்ச் லைட்டைப் பிரித்துக் கொடுத்தான். “என்ன அக்கா, இன்னிக்கு ஒத்தக்கண்ணி எப்படியிருக்காளாம்?” என்று விசாரித்துக்கொண்டுதான் அஞ்சலாட்சி கடையில் ஜனங்கள் டீ குடித்தார்கள். “மெலிஞ்சிட்டாளாம்” என்பாள் அவள், சொந்தத் தங்கச்சியைச் சொல்வது போல.

டாக்டரம்மா நடந்ததையெல்லாம் உள்ளபடி எழுதி மூன்றாம் மாடிக்கு அனுப்பினார். பதில் வந்தது. ஏரி தானே ஆபீசுக்கு வருவதால் ஓடமும் ஓடக்காரனும் தேவையில்லை என்பது தெளிவாகிறது. மாதிரிகள் ஊறுகாய் ஜாடியில் எடுக்கப்படுவதால் பாட்டில்களும் தேவையில்லை. சம்பளம் இல்லாமலே பணி நடப்பதால் சம்பளமும் தேவையில்லை. எனவே நிதியை நிறுத்திய முடிவு சரியானதே. மேலும், ஏரி வாரந்தோறும் தன் எல்லையைத் தாண்டிப் பொதுச் சாலையை ஆக்கிரமிப்பதால், அதை அழைக்கப் பயன்படும் இரும்புத் துண்டைப் பறிமுதல் செய்து தலைமையகத்தில் ஒப்படைக்கவும்.

மறுபடி சுகவனம் வந்தார், இந்த முறை லாரியோடு, ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் கூடிவிட்டது. சிலர் கையில் துடுப்பு இருந்தது.

“தண்டவாளத்துல கை வச்சுப் பாருங்க” என்று தாண்டவராயன் மரத்துக்கு முன்னால் நின்றான்.

“எனக்கு மட்டும் ஆசையாப்பா? நான் எடுக்காட்டி என்னைய எடுத்துருவாங்க” என்றார் சுகவனம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

டாக்டரம்மா முகம் அன்றைக்குத்தான் வாடி நான் பார்த்தேன். “அடிதடி வேணாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். போன வாரத் தண்ணியில நீலப்பச்சை இழை வர ஆரம்பிச்சிருக்கு. இப்ப ஒரு புதன்கிழமை விட்டாலும், அது எந்த வேகத்துல வருதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். தெரிஞ்சுக்கும்போது பிள்ளைங்க குடிச்சிருக்கும்.”

அப்போது அஞ்சலாட்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “டேய் தாண்டவா, தள்ளு. எடுத்துட்டுப் போகட்டும்.”

“அக்கா!”

“அறிவுகெட்டவனே, தண்டவாளம் எங்க போவுதோ ஏரி அங்கதான போவும்? ஏரிய நேர்ல பாக்கணும்னு மூணாவது மாடிக்கு ஆசையிருக்கு போல. நாம எதுக்குக் குறுக்க நிக்கணும்?”

ஊருக்குப் புரிந்துவிட்டது. பிறகு நாங்களே தண்டவாளத்தைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, புதுப்பெண்ணை ஏற்றுவது போல லாரியில் ஏற்றினோம். கூடவே டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார், அஞ்சலாட்சி ஏறினாள், சீர்வரிசை கொண்டுபோகிறவர்கள் போல ஊரில் பாதி ஏறியது, நானும் வெற்றிலைப் பையோடு ஒரு மூலையில் ஏறிக்கொண்டேன். “இத்தனை பேருக்கு பர்மிஷன் இல்லியே” என்றார் சுகவனம். “இறங்கச் சொல்லிப் பாருங்க சார்” என்றாள் அஞ்சலாட்சி. அவர் சொல்லிப் பார்க்கவில்லை. தாண்டவராயன் மட்டும் வரமாட்டேன் என்றான். “ஏரி தனியா வந்து வழி தவறிடும். நான் அது கூட வரேன்” என்று ஓடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் புதன்கிழமை காலை. அந்தப் பெரிய ஆபீசின் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எங்கள் ஏரியிலிருந்து வரும் குழாய் தரைக்கு மேலே தலைகாட்டுகிற இடத்தில், தண்டவாளத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆபீஸ் திறந்து, கூட்டிப் பெருக்கி, மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்த வேளையில், யாரோ ஒருவர், யார் என்று நான் எப்படிச் சொல்வேன், அங்கே அவ்வளவு கூட்டம், யாரோ ஒருவர் அதை அடித்தார். எங்கள் ஊரில் அடிக்கிற கணக்குப்படியே, அதே தாளத்தில் அடித்தார். பட்டணத்தில் அடித்தால் ஆனைமுழுங்கியில் எப்படிக் கேட்கும் என்று கேட்பீர்கள். குழாய் எதற்கு இருக்கிறது? குழாய்க்குள் இறங்கி, குழாய் நெடுக ஓடி, சத்தம் ஏரியின் காதிலேயே போய் விழுந்தது.

ஏரி எழுந்தது. குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டணத்துக்கு வந்து வந்து அதற்கு அலுத்திருக்க வேண்டும்; இந்த முறை ரோட்டு வழியே வந்தது. நெல் வயல்களை மிதிக்காமல், கரும்புத் தோட்டங்களை ஒதுக்கிக்கொண்டு, நான்கு வழிச் சாலையில் இடது ஓரமாக வந்தது, நடுவில் ஓடத்தில் தாண்டவராயன் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு பீடி குடித்தபடி வந்தான். சுங்கச்சாவடியில் கட்டையை இறக்கிவிட்டார்களாம்.

“இது எந்த வண்டியில சேரும்? லாரியா, டேங்கரா?” என்று கேட்டானாம் அங்கிருந்தவன்.

“ஏம்ப்பா, இதுல சக்கரம் தெரியுதா உனக்கு?” என்றானாம் தாண்டவராயன்.

“தெரியலண்ணே.”

“அப்பறம் என்ன? கட்டையத் தூக்கு.”

சிக்னலில் சிவப்பு விழுந்தபோது ஏரி நின்றது, பச்சை விழுந்தபோது நகர்ந்தது. அதற்குள் பட்டணம் முழுவதும் குழாய்கள் இருமிவிட்டு அடங்கின. பாதி சோப்பில் நின்றவர்கள் பாதி சோப்பிலேயே நின்றார்கள்.

ஆபீஸ் வாசலில் காவலாளி ஏரியைத் தடுத்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் மாடி என்றோம். “சார் மீட்டிங்கில இருக்கார், டோக்கன் போட்டுட்டு உக்காருங்க” என்றார். ஏரி டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது. வராந்தாவில் உட்கார்ந்தது, மாடிப்படிகளில் உட்கார்ந்தது, லிப்டுக்குள் உட்கார்ந்தது. எழுத்தர்கள் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு அம்மாள் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து மீன்களுக்குச் சோறு போட்டார். பியூன் ஒருவர், “சாப்பாட்டு நேரம் கழிச்சு வரச் சொல்றார்” என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் நீந்தித் திரும்பினார். ஏரி அவசரப்படவில்லை, மூன்றாம் மாடிக்கு ஒவ்வொரு படியாக ஏறி, கதவைத் தட்டி, ‘உள்ளே வரலாமா’ என்பது போல ஒரு அலையை மட்டும் முதலில் அனுப்பியது.

உள்ளே இருந்த அதிகாரி மேஜைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். “யார் நீங்கள்லாம்? என்ன வேணும்?”

டாக்டரம்மா தண்ணீரில் நடந்து போய், அவர் கால்மாட்டில் மைக்ராஸ்கோப்பை வைத்தார். ஏரி ஒரு தரம் சுழன்று, நடுத் தண்ணீரை டாக்டரம்மா கைக்குக் கொண்டுவந்தது. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டார். “ஒண்ணும் வேணாம் சார். பாருங்க. அவ்வளவுதான்.”

அதிகாரி குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை. துள்ளிக்கொண்டு ஒரே ஒரு ஒத்தக்கண்ணி தெரிந்திருக்கும். அதைச் சுற்றிப் பாம்புக்குட்டிகள் போல நீலப்பச்சை இழைகள் தெரிந்திருக்கும்.

“இது… இந்தத் தண்ணிதான் எங்க வீட்டுக்கும் வருதா?”

“உங்க வீட்டுக்கும், உங்க பேரன் பேத்தி வீட்டுக்கும்.”

“இந்தப் பச்சை எப்ப முழுசா வரும்?”

“பாத்துக்கிட்டே இருந்தா, வர்றதுக்கு முன்னாடி நான் சொல்லுவேன். பாக்காட்டி, வந்தப்புறம் உங்க குழாய் சொல்லும்.”

அதிகாரி மேஜையிலிருந்து இறங்கினார். கால் நனைந்தது, பொருட்படுத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். “சரிம்மா. ஒரு வருஷத்துக்கு நிதி போடறேன். அப்பறம் பாப்போம்.”

“வேணாம் சார்.”

ஊருக்கே தூக்கிவாரிப் போட்டது. கொடுக்கிற கையைத் தள்ளலாமா என்று நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். டாக்டரம்மா திரும்பவில்லை.

“ஒரு வருஷம் பாத்தா ஒரு வருஷத்துத் தண்ணிதான் தெரியும், ஏரி தெரியாது. நான் இதுவரைக்கும் பாத்ததையெல்லாம் அடுத்த வருஷம் மறுபடி நிறுத்தறதுக்காகத் தொடங்கச் சொல்றீங்களா? அப்படின்னா வேணாம். நாங்க ஊறுகாய் ஜாடியிலயே பாத்துக்கறோம். ஏரிக்கும் இந்த இடம் பிடிச்சிருக்கு.”

ஏரி அதைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டது. பிறகு அந்த அறையில், மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில், நன்றாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

“எந்திரிக்கச் சொல்லுங்கம்மா. பட்டணம் முழுக்கத் தண்ணியில்லாம போன் மேல போன் வருது” என்று அவர் கெஞ்சினார்.

“எங்க பேச்சை அது கேக்காது சார். எழுதின காகிதத்தைத்தான் கேக்கும். கவர்மென்ட் ஏரியில்ல?” என்றாள் அஞ்சலாட்சி.

சுகவனம் அதுவரை கதவோரம் நின்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். “சார், காலக்கெடுவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ‘ஏரி உள்ள வரை’ன்னு எழுதலாம். எழுதக் கூடாதுன்னு ரூல் எதுவும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன்.” அதைச் சொன்னதும் அவருக்கு வயிற்றுவலி விட்டுவிட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதிகாரி எழுதினார். ஏரி உள்ள வரை, புதன்கிழமை தோறும், ஓடம், ஓடக்காரர், பாட்டில், பட்டு வலை, டாக்டர், டாக்டருக்குப் பின் இன்னொரு டாக்டர். டாக்டரம்மா வாசித்தார், ஏரிக்கும் காட்டினார். ஏரி எழுந்து, வந்த வழியே இறங்கி, காவலாளியிடம் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாண்டவராயனை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியது. தண்டவாளத்தை நாங்கள் கேட்கவில்லை. அவர்களே ஆள் வைத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள், அவசர அவசரமாக.

அந்தக் கோடையில் பச்சை வந்தது. வருவதற்கு முன்பே டாக்டரம்மா சொல்லிவிட்டார், பட்டணத்துக் குழாயை மூடி வேறு தண்ணீர் விட்டார்கள், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏரி எழுந்து வருவதில்லை, பழையபடி கிடந்த இடத்திலேயே கையை நீட்டுகிறது. அஞ்சலாட்சிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இன்றும் புதன்கிழமைகளில் அடுப்பைச் சுற்றி வழி விட்டு வைக்கிறாள். அந்த மூன்றாம் மாடியிலும் புதன்கிழமை காலையானால் எழுத்தர்கள், யாரும் சொல்லாமலே, காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார்களாம்.

ஒரு விஷயம்தான் பாக்கி. பறிமுதல் செய்த அரசாங்க இரும்பை அரசாங்க முற்றத்தில் அடித்து ஓர் ஏரியைக் கூட்டிய ஆள் யார் என்று ஒரு கேஸ் இன்னும் திறந்தே கிடக்கிறது. தாண்டவராயனாக இருக்க முடியாது, அவன் அப்போது ஓடத்தில் இருந்தான். அஞ்சலாட்சியைக் கேட்டார்கள், “காத்து அடிச்சிருக்கும் சார்” என்றாள். என்னையும் கேட்டார்கள். என் உள்ளங்கையில் இருக்கிற இந்தக் காய்ப்பு மதகுச் சக்கரம் திருப்பித் திருப்பி வந்தது என்று சொன்னேன், அது உண்மை. புதிதாக உரிந்திருந்த தோலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதனால் கேளுங்கள், கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். டீக்கடையில் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், முக்கியமாக மூன்றாம் மாடியில் இருக்கிற யாரையாவது பார்த்தால் சத்தமாகச் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நான் அரசாங்கத்திடம் பென்ஷன் வாங்குகிறவன். அதோடு, மேலே யாராவது அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி ‘ஒரு வருஷத்துக்கு’ என்று எழுதினால், இந்தக் கைக்கு இன்னும் வேலை இருக்கிறது.